மெழுகும் காப்பும்: காவிரிநாட்டுக் கலைவரலாற்றில் மறைந்து நிற்கும் ஒரு பொருள்

தஞ்சைத் தரணியின் கலைவரலாறு கல்லாலும் செம்பாலும் எழுதப்பட்ட வரலாறு என்பர். கல் நிற்கிறது, செம்பு நிற்கிறது, ஆகவே அவற்றின் வரலாறும் நிற்கிறது. அவ்விரண்டுக்கும் துணைநின்று, தன் வேலை முடிந்ததும் கண்ணுக்குத் தெரியாமல் போகும் பொருள் ஒன்று உண்டு. அதுவே மெழுகு. படிமம் பிறக்கும்போதும், கருவறையில் திருவுரு நிலைபெறும்போதும், பழைய செம்பு அருங்காட்சியகத்தில் நோயின்றிக் காக்கப்படும்போதும் மெழுகின் பணி இருக்கிறது. இம்மூன்று நிலைகளையும் ஒருங்கு நோக்கினால், ஒரு கலைப்பொருளை ஆக்குவது ஒருநாள் வேலை அன்று, அதனைக் காப்பதும் ஆக்கத்தின் பகுதியே என்னும் உண்மை புலப்படும்.

சொல்லும் பொருளும்

தமிழில் ‘மெழுகு’ என்பது பெயராகவும் வரும், வினையாகவும் வரும். தேனடையை உருக்கி எடுக்கும் பொருள் மெழுகு; சாணநீரால் தரையைப் பூசுவதும் மெழுகுதலே. இரண்டிலும் ஒரு மெல்லிய படலம் மற்றொன்றின்மேல் படிகிறது. திருவதிகையில் திலகவதியார் திருக்கோயிலை அலகிட்டு மெழுகித் தொண்டு செய்தார் என்பதைப் பெரியபுராணம் வழி அனைவரும் அறிவர். அத்தொண்டினைத் திருநாவுக்கரசர் தம் பதிகங்களில் சிறப்பித்துள்ளார்.

பக்தி இலக்கியம் போற்றிய இப்பணியைச் சோழர் ஆட்சி வெறும் பக்திக்கு விட்டுவிடவில்லை. கோயில் தரையை மெழுகுதற்கென விடப்பட்ட நிலம் ‘திருமெழுக்குப்புறம்’ எனக் கல்வெட்டுகளில் வழங்குகிறது. இங்குக் கருதத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. மெழுகுதல் ஒருமுறை செய்து முடியும் வேலை அன்று. இன்று மெழுகிய தரையை நாளையும் மெழுக வேண்டும். ஆகவே அதற்குப் பொன்னைக் கொடுத்துவிட்டு அகலாமல், ஆண்டுதோறும் விளையும் நிலத்தைக் கொடுத்தனர். தீராத வேலைக்குத் தீராத வருவாய் என்பதே அவ்வேற்பாட்டின் கருத்து.

‘காப்பு’ என்னும் சொல்லும் இத்தகையதே. கையில் அணியும் வளை காப்பு. திருவிழாத் தொடக்கத்தில் கட்டுவது காப்பு. திருமேனியில் சாத்தும் எண்ணெய் எண்ணெய்க்காப்பு. நூலின் முகப்பில் நின்று நூலுக்கு இடையூறு வாராமல் வேண்டும் செய்யுளும் காப்பு. கவிஞர் தம் நூலுக்கு முதலில் காப்புச் சொல்கின்றனர். கோயிலார் தம் திருமேனிக்கு நாள்தோறும் காப்பிடுகின்றனர்.

உருகி உருவளிக்கும் மெழுகு

கும்பகோணத்தை அடுத்துக் காவிரிக் கரையில் அமைந்த சுவாமிமலையில் படிமக்கலை இன்றும் வாழ்கிறது. தம் முன்னோர் தஞ்சைப் பெரிய கோயில் திருப்பணியில் ஈடுபட்டுப் பின்னர்த் தாராசுரத்திற்கும் அங்கிருந்து சுவாமிமலைக்கும் வந்தனர் என்பது ஸ்தபதி குடும்பங்களில் வழங்கும் மரபுச் செய்தி. இவ்வூர்ப் படிமங்கள் 2008–09ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றன. புதுதில்லி பாரத மண்டபத்தில் 2023ஆம் ஆண்டு ஜி-20 மாநாட்டையொட்டி நிறுவப்பெற்ற 27 அடி உயர நடராசர் திருவுருவமும் இவ்வூரில் உருவானதே. எண்வகை உலோகத்தால் ஆகிய, ஏறத்தாழ 18 டன் எடையுள்ள அவ்வுருவத்தைத் தேவசேனாபதி ஸ்தபதியின் மைந்தர்கள் மெழுகு வார்ப்பு முறையிலேயே செய்தனர்.

அம்முறை வருமாறு: செய்யவிருக்கும் உருவத்தின் உயரத்திற்குத் தென்னையோலையை நறுக்கி, சிற்பநூல் அளவுப்படி மடித்து, அம்மடிப்புகளையே அளவுகோலாகக் கொள்வர். தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் சிறிது எண்ணெயுடன் காய்ச்சித் துணியில் வடிகட்டிக் குளிர்ந்த நீரில் விடுவர். பதமாகிய அம்மெழுகால் தலை, உடல், கை, கால் எனத் தனித்தனியே வனைந்து, சூடேற்றிய இரும்புக் கருவியால் இணைப்பர். அணிகலன், ஆடை மடிப்பு, விரல்நுனி ஆகிய அனைத்தும் மெழுகிலேயே அமையும்.

பின்னர் மண்காப்பு இடுதல் தொடங்கும். முதற்பூச்சு காவிரியின் வண்டல் மண். உமிக்கரியுடன் மைபோல் அரைத்து மெல்லெனப் பூசுவர். மெழுகின்மேல் உள்ள நுண்ணிய கோட்டையும் பற்றிக்கொள்வது இப்பூச்சே. அடுத்தது வயற்களிமண்ணும் மணலும் கலந்த பூச்சு. அதற்கும் மேல் பருமணல் கலந்த பூச்சு. பெரிய உருவாயின் இரும்புக் கம்பி கட்டுவர். வெயிலில் வைத்தால் உள்ளே மெழுகு இளகும். ஆதலின் நிழலில் உலர்த்துவர். உலர்ந்தபின் கருவைச் சூடேற்ற, மெழுகு உருகி வெளியேறும். அது விட்டுச்சென்ற வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை வார்ப்பர். குளிர்ந்தபின் மண்ணை உடைத்தால் படிமம் தோன்றும். ஒரு மெழுகுருவுக்கு ஒரு கரு. ஒரு கருவுக்கு ஒரு படிமம். உடைந்த கருவை மீண்டும் பயன்படுத்த இயலாது.

வடநூலார் மெழுகை ‘மதூச்சிஷ்டம்’ என்பர். தேன் எடுத்தபின் எஞ்சியது என்பது அதன் பொருள். மானசாரம் என்னும் சிற்பநூல் இம்முறைக்குத் தனி இயலே வகுத்துள்ளது. மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய மானசோல்லாசமும் இதனை விளக்குகிறது. மெழுகுருவை முதலில் நிறுத்து, அவ்வெடைக்கு ஏற்ப உலோகத்தைக் கணக்கிடுமாறு அந்நூல் கூறும். மெழுகினும் செம்பு எட்டு மடங்குக்கு மேல் கனமானது. எனவே எந்தப் படிமத்தின் எடைக்குள்ளும், மறைந்துபோன மெழுகின் எடை கணக்காக இருக்கிறது.

தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள் இவ்விடத்து நினைக்கத்தக்கன. முதலாம் இராசராசன் (985–1014) தான் கொடுத்தவற்றையும், தமக்கை குந்தவையும் தேவியரும் அதிகாரிகளும் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டச் செய்தான். செப்புத் திருமேனிகள் முழமும் விரலுமாக அளக்கப்பெற்றன. ‘கனமாக’ வார்த்தவை எவை, ‘பொள்ளலாக’ வார்த்தவை எவை எனவும் குறிக்கப்பெற்றன. பொன், ‘ஆடவல்லான்’ என்னும் பெயருடைய எடைக்கல்லால் நிறுக்கப்பெற்றது. அணிகலன்களை நிறுக்கும்போது அவற்றுள் இருந்த அரக்கையும் கணக்கில் காட்டினர். அரக்கையும் விடாத அக்கணக்கில் வார்ப்பு மெழுகு இல்லை. அது கோயிலுக்குள் வருமுன்னரே உருகிவிட்டது. கொடுத்தவர் பெயர் கல்லில் உள்ளது. மெழுகு வனைந்த கை எவருடையது என்பது அங்கு இல்லை.

பருவமும் பதமும்

மெழுகு எல்லா நாளும் ஒரே தன்மையில் இராது. கோடையில் இளகும், பனிக்காலத்தில் இறுகி வெடிக்கும். குங்கிலியம் கூடினால் மெழுகு இறுகும். எண்ணெய் கூடினால் இளகும். பருவத்திற்கு ஏற்ப இவற்றைக் கூட்டியும் குறைத்தும் பதம் கொள்வதும், வெப்பம் மிகுந்த நாளில் வனைந்த உறுப்புகளைக் குளிர்ந்த நீரில் இட்டு வைப்பதும் கைப்பழக்கத்தால் வரும் அறிவு.

காவிரிநாட்டில் வெயிலுக்குப் பார்க்கும் இப்பதத்தை, உலகின் மறுகோடியில் பனிக்குப் பார்க்கின்றனர். நார்வே, சுவீடன் முதலிய நாடுகளில் நெடுந்தொலைவு பனியில் செல்வோர் காலில் நீண்ட சறுக்குப் பலகைகளைக் கட்டிக்கொள்வர். பழைய மரப்பலகைகளின் அடிப்புறத்தில் ஈரம் ஏறாதவாறு பைன் மரத்துத் தாரைச் சூடேற்றி ஊட்டுவர். அதன்மேல் மெழுகு தேய்ப்பர். கடுங்குளிரில் இறுகிய மெழுகு. பனி இளகும் நாளில் மென்மெழுகு. உருகி மீண்டும் உறைந்த பனிக்குப் பசைபோன்ற மெழுகு. பாதத்தின் கீழ் வருமிடத்தில் பனியைப் பற்றும் மெழுகையும், முன்னும் பின்னும் வழுக்கிச் செல்லும் மெழுகையும் இடுவர். பழைய மெழுகைச் சுரண்டிய பின்னரே புதியதைப் பூசுவர். பூசாத பலகை ஈரம் குடித்துக் கெடும். நாடும் நோக்கமும் வேறாயினும், பொருளின் வாழ்வு அதன்மேல் இடும் பூச்சைப் பொறுத்தது என்னும் அறிவு இரு திறத்தார்க்கும் பொதுவாகும்.

சுவாமிமலை மெழுகிலும் காலம் தன் மாற்றத்தைச் செய்துள்ளது. இன்று கலக்கும் எண்ணெய் பெரும்பாலும் நிலக்கடலை எண்ணெய். நிலக்கடலையோ அமெரிக்கக் கண்டத்துப் பயிர். ஐரோப்பியர் வருகைக்குப் பின்னரே இந்நாட்டிற்கு வந்தது. எனவே செம்பியன் மாதேவியார் காலத்துச் சிற்பிகள் வேறோர் எண்ணெயையே பயன்படுத்தியிருத்தல் வேண்டும். தேன்மெழுகுக்குத் துணையாகப் பாரஃபின் மெழுகும் இன்று கலக்கப்படுகிறது. மரபு என்பது மாறாத பொருள்பட்டியல் அன்று. மாறும் பொருளைக் கொண்டு மாறாத பதத்தை எய்தும் திறமே என்பதற்கு இது சான்றாகும்.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. நெல் விளையும் சமவெளியில் குங்கிலிய மரம் இல்லை. செம்புச் சுரங்கமும் இல்லை. குங்கிலியம் மலைநாட்டிலிருந்தும் செம்பு வெளியிடங்களிலிருந்தும் வந்தன. காவிரி தன்னதாகக் கொடுத்தது வண்டல் மண் ஒன்றே. அவ்வண்டல் இல்லையேல் மெழுகின் நுட்பம் செம்புக்கு வந்து சேராது.

இருத்தும் மெழுகு

பிறப்பில் உருகிப்போன மெழுகு, திருவுரு கருவறையில் நிலைபெறும்போது மீண்டும் வருகிறது. மூலத்திருமேனியைப் பீடத்தோடு பிணைப்பது அட்டபந்தன மருந்து. கொம்பரக்கு, சுக்கான்தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்னும் எட்டுப் பொருள்களை இடித்து இளக்கி இதனை ஆக்குவர். வார்ப்புக்கு உதவிய தேன்மெழுகும் குங்கிலியமும் இங்கும் இடம்பெறுதல் காண்க. பீடத்துக்கும் திருமேனிக்கும் இடையிலுள்ள இடுக்கில் இம்மருந்தைச் செலுத்தினால் அபிடேக நீர் உள்ளே புகாது, திருமேனியும் அசையாது.

ஆயினும் மருந்து நாளடைவில் இறுகி வெடிக்கும். ஆதலின் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பழையதை அகற்றிப் புதிதாய்ச் சாத்திக் குடமுழுக்குச் செய்தல் மரபாயிற்று. குடமுழுக்கின் வேள்வியும் விழாவும் மக்கள் கண்ணுக்குத் தெரிவன. அதன் அடியில் இருப்பது பராமரிப்புக் காலக்கணக்கு. தஞ்சைப் பெரிய கோயிலில் 1980ஆம் ஆண்டு குடமுழுக்கு நடைபெற்றது. அடுத்தது 1997ஆம் ஆண்டு. அவ்வாண்டு சூன் 7ஆம் நாள் வேள்விச்சாலைப் பந்தலில் பற்றிய தீயில் நாற்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன்பின் 23 ஆண்டுகள் கழிந்து 2020 பிப்ரவரி 5ஆம் நாள் குடமுழுக்கு நடைபெற்றது. கோயில் எவ்வளவு பெரிதாயினும் மருந்து இறுகும் காலம் ஒன்றே.

மண்ணாலாகிய திருமேனிக்கு நீராட்டும் இயலாது. தஞ்சையை அடுத்த புன்னைநல்லூர் மாரியம்மன் புற்றுமண்ணாலானவள். ஆகவே மூலத்திருவுருவுக்கு அபிடேகம் இல்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒரு மண்டலம் தைலக்காப்பு நடைபெறும். சாம்பிராணி, புனுகு, சவ்வாது முதலியவற்றால் ஆன தைலம் சாத்தப்படும். அக்காலத்தில் வெண்துணியில் அம்மன் திருவுருவை எழுதி அதற்கே வழிபாடு நிகழ்த்துவர். பராமரிப்புக் காலத்திலும் வழிபாடு நின்றுவிடாதவாறு மரபு வழி கண்டிருப்பது எண்ணத்தக்கது.

காப்பு கைமாறிய கதை

காப்பிடுதல் பொருளறிவு மட்டும் அன்று, நம்பிக்கையும் ஆகும். திருமேனியைத் தொட்டுப் பேணுவோர் கையில் அதனை ஒப்படைக்க வேண்டியுள்ளது. அந்நம்பிக்கை பிழைத்தால் என்னாகும் என்பதற்குக் கும்பகோணத்தை அடுத்த சிவபுரம் சான்று.

1951ஆம் ஆண்டு சிவபுரத்தில் மண்ணுக்கடியிலிருந்து சோழர் காலப் படிமங்கள் சில வெளிப்பட்டன. அவற்றுள் நடராசர் திருமேனியும் ஒன்று. அவை ஊர்க் கோயிலுக்கு அளிக்கப்பெற்றன. மண்ணில் கிடந்தமையால் பழுதுபார்த்துத் தூய்மை செய்தற்பொருட்டு 1954ஆம் ஆண்டில் ஸ்தபதி ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டன. கோயிலுக்குத் திரும்பி வந்தது அதே நடராசர் அன்று; அதைப் பார்த்து வார்த்த போலி. ஊரார் அதனையே வழிபட்டனர். 1965ஆம் ஆண்டு முற்காலச் சோழர் படிமங்களைப் பற்றிய தம் நூலில், பிரித்தானிய அருங்காட்சியக அறிஞர் டக்ளஸ் பாரெட், கோயிலில் இருப்பது மூலப்படிமம் அன்று என்பதை வெளிப்படுத்தினார். பலர் கைமாறிய மூலத்திருமேனியை 1973ஆம் ஆண்டு அமெரிக்காவின் நார்ட்டன் சைமன் நிறுவனம் வாங்கியது. வழக்கு எழுந்து 1976ஆம் ஆண்டு உடன்பாடு ஏற்பட்டது. 1986ஆம் ஆண்டில் நடராசர் இந்தியா திரும்பினார்.

ஒரு மெழுகுக்கு ஒரு படிமம் என்னும் நியதியின் பொருள் இங்கு விளங்கும். பார்த்துச் செய்தது அளவில் ஒத்திருக்கலாம். முதல் மெழுகில் பதிந்த விரலின் ஓட்டம் அதில் வாராது. அவ்வேறுபாட்டைக் கண்டறியக் கூர்ந்து நோக்கும் கண் வேண்டும். நாள்தோறும் பேணும் கண்களில் ஒன்றேனும் அக்கூர்மை உடையதாய் இருந்திருப்பின், பதினோராண்டுக் காலம் போலி நின்றிராது.

இதற்கு மறுதலையாக, துடைக்கப்படாத மண்ணே சாட்சியான நிகழ்ச்சியும் உண்டு. அன்றைய தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த பத்தூரில் 1976ஆம் ஆண்டு மண்ணிலிருந்து கிடைத்த நடராசர் இலண்டன் சென்று சேர்ந்தார். அங்கு நடந்த வழக்கில், படிமத்தில் ஒட்டியிருந்த மண்ணும் கறையான் தடமும் ஆராய்ந்த சான்றுகளுள் இடம்பெற்றன. பத்தூர்க் கோயிலுக்குச் சார்பாகத் தீர்ப்பாகி 1991ஆம் ஆண்டு நடராசர் திரும்பினார். பளபளக்கத் துலக்குவதே பேணுதல் என்று கருதுவோர் இதனை நினைத்தல் வேண்டும்.

மீண்டு வரும் மெழுகு

மண்ணுள் நெடுங்காலம் கிடந்த செம்பில் உப்புச் சேரும். ஈரக்காற்றுப் பட்டால் அவ்வுப்பு செம்பை அரித்து வெளிர்பச்சைப் பொடியாக உதிர்க்கும். இதனை வெண்கல நோய் என்பர். சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930ஆம் ஆண்டு வேதியியல் ஆய்வுக்கூடம் தொடங்கப்பெற்றது. அங்குப் பணியாற்றிய எஸ். பரமசிவன் மின்பகுப்பு முறையால் படிமங்களின் அரிப்பை நீக்கிப் பலவற்றைக் காத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் கால ஓவியங்களை ஆராய்ந்தவரும் அவரே.

நோய் நீங்கிய செம்பின்மேல் ஈரம் படாதிருக்க அருங்காட்சியகங்களில் இன்று நுண்படிக மெழுகை மெல்லெனப் பூசுகின்றனர். இது தேனீ தந்த மெழுகு அன்று. பாறை எண்ணெயிலிருந்து பெறுவது. ஆயினும் மெழுகே. பிறந்தபோது உள்ளிருந்து உருகி வெளியேறிய பொருள், நெடுங்காலத்திற்குப் பின் வெளியிலிருந்து காப்பாக வந்து சேர்கிறது. இப்பூச்சும் நிலையானது அன்று. காலம் பார்த்துப் புதுப்பித்தல் வேண்டும்.

களவுக்கு அஞ்சிச் சிற்றூர்க் கோயில்களின் செப்புத் திருமேனிகள் பல, திருவாரூர் முதலிய இடங்களில் உள்ள திருமேனிப் பாதுகாப்பு மையங்களில் வைக்கப்பட்டுள்ளன. இது தேவையான ஏற்பாடே. ஆனால் பூட்டு களவைத் தடுக்குமேயன்றி ஈரக்காற்றைத் தடுக்காது. ஊரில் இருந்தபோது அத்திருமேனிக்கு எண்ணெய்க்காப்பு இருந்தது; நீராட்டு இருந்தது; துடைத்து ஒற்றும் கை இருந்தது; பச்சை படர்ந்தால் உடனே காணும் கண் இருந்தது. அறைக்குள் இவை இல்லை. பாதுகாப்பு வேறு, பராமரிப்பு வேறு என்பதை உணர்ந்து, முறை வகுத்துப் பார்வையிடுதலும் பூச்சுப் புதுப்பித்தலும் நிகழாவிடின், களவுக்குத் தப்பிய செம்பு காற்றுக்கு இரையாகும்.

இராசராசன் செப்புத் திருமேனிகளைக் கொடுத்ததோடு அமையவில்லை. திருமஞ்சன நீருக்கு இடும் ஏலவரிசிக்கும் செண்பக மொட்டுக்கும் இலாமிச்ச வேருக்கும் முதல் வைத்து வட்டி வருமாறு செய்த அறக்கட்டளைகள் அக்கோயிற் கல்வெட்டுகளில் உள்ளன. கோயிற் பணியாளர் பட்டியலில் கன்னானும் தச்சனும் தையற்காரரும் பங்கு பெறுகின்றனர். கொடையையும் காப்பையும் ஒரே கல்லில் எழுதிய நாடு இது.

கொடை எளிதில் நினைவுகூரப்படும். அதற்கு நாள் உண்டு, பெயர் உண்டு, விழா உண்டு. காப்புக்கு இவை இல்லை. மெழுகு காய்ச்சியவரும், மருந்து இடித்தவரும், தைலம் சாத்தியவரும், அரிப்பைக் கண்டு நீக்கியவரும் வரலாற்றின் விளிம்பிலேயே நிற்கின்றனர். திருமெழுக்குப்புறத்திற்கு நிலம் விட்ட முன்னோர், நாள்தோறும் செய்யும் வேலைக்கும் கல்லில் இடம் உண்டு என்று காட்டியுள்ளனர். இனி எழுதப்படும் கலைவரலாறு அவர்கள் வழி நிற்குமாயின், படிமத்தைச் சொல்லும் பக்கத்திலேயே அதனைப் பேணிய கையையும் சொல்லும்.